கணினிக்கு உறை தைத்த காலம்

போன வாரம் மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். மூன்று நாளும் விடாத மழை. பண்ணைக்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் கரண்ட் போகும். அப்புறம் போன் சிக்னல் போகும். அதற்கப்புறம் வேறு வழியில்லாமல் வீட்டில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்குவார்கள். அப்படித்தான் எங்கள் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்பது, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எனக்குத் தெரிய வந்தது.

"கம்ப்யூட்டர்ல ஏதோ" என்றுதான் இத்தனை நாள் கேட்பவர்களிடம் சொல்லி வந்தேன். அவர் சொன்னது வேறு. ஒரு கம்பெனிக்குப் போவாராம். அந்தக் கம்பெனி எதை நம்பிப் பிழைக்கிறது, போட்டிக்காரனைவிட எதில் மேல் என்று நினைக்கிறது என்று முதலில் விசாரிப்பாராம். பிறகு அங்கே இருக்கிற கணினி, மென்பொருள், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற ஏற்பாடு எல்லாவற்றையும் பார்த்து, இரண்டும் பொருந்துகிறதா என்று சொல்வாராம். "பாதி இடத்துல பொருந்தாது மாமா. பக்கத்துக் கம்பெனி வாங்கிட்டான்னு இவங்களும் வாங்கியிருப்பாங்க" என்றார்.

எனக்கு உடனே எங்கள் ஊர் மளிகைக் கடை ஞாபகம் வந்தது.

பண்ணைக்காட்டில் அண்ணாச்சி ஒருவர் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். அவருடைய பற்று நோட்டில் ஆள் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. பக்கத்துக்கு ஒரு தோட்டம் என்று எழுதி வைத்திருக்கிறார். மேல்பள்ளம், ஓடைக்கரை, இன்னார் எஸ்டேட் என்று தலைப்பு. அதற்குக் கீழே அங்கே வேலை செய்யும் குடும்பங்களின் பற்று. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "காப்பிப் பழம் எடுத்துக் கூலி போடறது தோட்டம் தோட்டமாத்தானே சார். இந்தச் சனிக்கிழமை ஓடைக்கரையில பட்டுவாடான்னா, அந்த ஒரு பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்துருவேன்" என்றார். அவர் விற்பது அரிசி பருப்பு இல்லை, அறுவடை வரைக்கும் பொறுமை. அது அவருடைய வியாபாரம். நோட்டு அந்த வியாபாரத்துக்கென்றே கோடு போட்டது. சில வருஷம் முன்பு எதிரே இன்னொருவர் பில் மிஷின், தராசு எல்லாம் வைத்து ஒரு கடை திறந்தார். மிஷினில் கடன் என்ற பொத்தானே கிடையாது. நல்ல மிஷின்தான். ரொக்கம் கையில் வைத்திருக்கும் சுற்றுலாக்காரர்கள் வந்து போகும் கொடைக்கானல் ஏரிச்சாலையில் இருந்தால் பிழைத்திருக்கும்.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். இதையே ஆல்ஃபிரட் சாண்ட்லர் என்ற அமெரிக்கர் 1962-ல் பெரிய புத்தகமாக எழுதியிருக்கிறார் என்றார். கம்பெனி எந்த வழியில் போவது என்று முடிவு செய்த பிறகுதான் அதன் அமைப்பு உருவாகிறது என்பது அவருடைய ஆய்வு. 1993-ல் ஹென்டர்சன், வெங்கட்ராமன் என்று இரண்டு பேராசிரியர்கள் கணினி ஏற்பாட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்து, ஐபிஎம் நடத்திய ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்களாம். அதுதான் மாப்பிள்ளையின் தொழிலுக்கு வேதம் போல. அண்ணாச்சிக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஐபிஎம் என்றதும் எனக்கு வேறொன்று நினைவு வந்தது. இந்தப் பதிவுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். திக்தே எழுதி, தப்புக்குத் தப்பு முட்டியில் அடி வாங்கி வளர்ந்தவன். கணினிக்கு ஆங்கிலத்தில் கணக்கிடுவது என்றுதான் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அப்படி வைக்கவில்லை. 1955-ல் ஐபிஎம்மின் பிரான்ஸ் கிளை தன்னுடைய புது இயந்திரத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று சொர்போன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜாக் பெரே என்பவரைக் கேட்டது. அவர் லத்தீன் படித்தவர். ஏப்ரல் மாதம் பதில் எழுதினார்: ஓர்தினாத்தேர் என்று வைக்கலாமே என்று. ஒழுங்கு செய்பவர் என்று அர்த்தம். அகராதியில் அந்தச் சொல், உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளுக்கு அடைமொழியாக இருக்கிறது என்றும் குறிப்பிட்டிருந்தார். ஐபிஎம்காரர்களுக்குப் பிடித்துப் போயிற்று. இன்றைக்கும் பிரான்சில் அதுதான் பெயர்.

கடவுளுக்கு வைத்த பெயரை ஒரு பெட்டிக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஆபீசில் பார்த்தேன்.

எந்த ஊர், எந்த இலாகா என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள், நல்லவர்கள். 1990-களின் நடுவில் ஒருநாள் வண்டியில் ஆறு கணினிகள் வந்து இறங்கின. ஏன் ஆறு என்று யாருக்கும் தெரியாது. வருஷக் கடைசியில் பணம் மீதி இருந்தது, மார்ச் மாதம். ஏசி அறை ஒன்று ஒதுக்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சூப்பரின்டெண்ட் கைத்தறித் துணி வாங்கி, ஆறு பெட்டிக்கும் உறை தைக்கச் சொன்னார். தையல்காரரிடம் அளவு கொடுக்கப் போனவன் நான்தான். விசைப்பலகைக்குத் தனி உறை, ஓரத்தில் பூ வேலை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததில், ஒன்று தண்ணீர் இறங்கி அன்றைக்கே போய்விட்டது. மீதி ஐந்து.

கொஞ்ச நாள் கழித்து ஒரு புரோகிராம் வந்தது, வேறெங்கோ வேறெந்த இலாகாவுக்கோ எழுதியது. குடும்ப ஓய்வூதியப் பட்டியலை அதில் ஏற்றவேண்டும் என்று உத்தரவு. எனக்கு டைப்பிங் தெரியும், பிரெஞ்சும் தெரியும் என்பதால் என்னைப் போட்டார்கள்.

என்னுடைய உண்மையான வேலை என்ன என்பதை இங்கே சொல்ல வேண்டும். நான் அந்த ஆபீசில் இருந்ததே பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படிப்பதற்காகத்தான். எங்கள் ஊர்ப் பக்கம் பெயர் விஷயம் சிக்கலானது. 1881-ல் ஒரு பிரெஞ்சுச் சட்டம் வந்தது. நம்முடைய வழக்கச் சட்டத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்துவிடலாம். அப்படி வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே அப்பா பெயர் இனிஷியல் என்பது அவர்களுக்குக் கிடையாது. முதலில் குடும்பப் பெயர், அடுத்து இரண்டு மூன்று சொந்தப் பெயர். அதே தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் நம் வழக்கப்படி அப்பா பெயர். 1954-ல் நிர்வாகம் கைமாறி, 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது இந்த இரண்டு வகைப் பெயர்களும் ஒரே அலமாரிக்குள் வந்து விழுந்தன. ஒரே மனிதர் பிரெஞ்சுப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் இன்னொரு மாதிரியும் இருப்பார். இரண்டும் ஒருவர்தான் என்று பழைய பதிவேட்டைப் பார்த்துச் சிவப்பு மையில் ஓரக்குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்த ஓரம்தான் எங்கள் ஆபீஸ். மற்றதெல்லாம் நாற்காலி.

புது புரோகிராமில் ஓரம் இல்லை.

பெயருக்கு 25 எழுத்து. அடுத்து தகப்பனார் அல்லது கணவர் பெயர், அதற்கும் 25. வங்கியிலிருந்து வரும் பட்டியலோடு ஒரு எழுத்து ஒட்டவில்லையென்றாலும் 'நிறுத்தம்' என்று போட்டுவிடும். நான் போய்ச் சொன்னேன். "இப்போதைக்கு வர்றதை ஏத்துங்க, வராததை நிலுவைன்னு வையுங்க" என்றார்கள். வைத்தேன். நாற்பதோ ஐம்பதோ பேர் நிலுவையில் விழுந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் வந்து சத்தம் போட்டு, வேறு பிரமாணப் பத்திரம் கொடுத்துச் சரி செய்துகொண்டார்கள்.

வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார். வயது எழுபது இருக்கும். கணவர் பிரெஞ்சுக் காலத்துச் சிப்பாய். அந்த அம்மாள் சத்தம் போடத் தெரியாதவர். மாதம் ஒருமுறை பஸ் பிடித்து வந்து, ஏசி அறை வாசலில் செருப்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தம்பி, மெஷின் என்ன சொல்லுது?" என்று கேட்பார். நான் உள்ளே போய், உறையை எடுத்து மடித்து வைத்து, பெட்டியைப் போட்டு, அது கிளம்புகிறவரைக்கும் காத்திருந்து, பார்த்துவிட்டு வந்து, "இன்னும் நிலுவைதாம்மா" என்பேன். அவருடைய கணவரின் கல்யாணப் பதிவு எந்தத் தொகுதியில் எத்தனையாவது பக்கம் என்பது எனக்கு மனப்பாடம். புரோகிராம் வருவதற்கு முந்தைய வருஷமாக இருந்தால் பத்து நிமிஷ வேலை. இப்போது அதை எழுதுவதற்கு இடம் இல்லை. மேலே எழுதிக் கேட்டேனா என்றால், ஒருமுறை எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டாம் முறை எழுதவில்லை. இதை எந்தச் சமாதானமும் இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

பதினொரு மாதம் வந்தார். பன்னிரண்டாவது மாதம் பேரன் வந்தான், இறப்புச் சான்றிதழோடு. இறப்புக்கு அந்தப் புரோகிராமில் தனிக் கட்டம் உண்டு. மூன்று வாரத்தில் நிலுவை மொத்தமும் வாரிசுக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் 2010-ல் ஓய்வு பெற்றேன். மனைவிக்குப் பண்ணைக்காட்டில் தகப்பனார் வழியில் வந்த கொஞ்சம் நிலம். காப்பி, மிளகு, இடையிடையே மலைவாழை. கடற்கரையில் பிறந்தவனுக்கு மலை ஒத்துக்கொள்ளுமா என்று எல்லோரும் கேட்டார்கள். ஒத்துக்கொண்டது. மாமியார் இங்கேதான் இருந்தார், எண்பத்திரண்டு வயது. நாங்கள் வந்தபோது அவருக்குப் பார்வை அநேகமாக இல்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். வெயிலில் உட்கார்ந்தால் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. கண்புரைதான், எல்லோருக்கும் தெரியும். "நான் என்ன எழுதிப் படிக்கவா போறேன்?" என்பார். மலையிலிருந்து ஒரு கிழவியைக் கீழே கூட்டிப் போக ஒரு நாள் வேண்டும். கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். மறுநாள், மறுவாரம் என்று திரும்பவும் வரச் சொல்வார்கள். வத்தலக்குண்டில் கண் முகாம் நடந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே காப்பிப் பழம் எடுப்பு. அடுத்த முகாம் அன்று மழை. இப்படியே மூன்று வருஷம் போயிருக்கிறது.

நாங்கள் அவரைப் பெரியகுளத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையம் ஒன்று இருப்பதாக அண்ணாச்சிதான் சொன்னார்.

அரவிந்த் கதையை நம்மில் பலர் அறிவோம். ஆனாலும் மாப்பிள்ளையிடம் சொன்ன வரிசையில் சொல்கிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். ராணுவத்தில் மருத்துவராக இருந்தபோது முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடு கண் அறுவை கற்றுக்கொண்டு, மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்தார். 1976-ல் 58 வயதில் ஓய்வு. நம்மைப் போன்ற அரசு ஊழியர்தான். நான் ஓய்வு பெற்று வாழைக்குப் பக்கக்கன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஓய்வு பெற்று, தம்பி தங்கைகளைச் சேர்த்துக்கொண்டு, 11 படுக்கையோடு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். ஸ்ரீ அரவிந்தரிடம் பக்தி கொண்டவர் என்பதால் அந்தப் பெயர். எங்கள் புதுச்சேரிக்கு அதில் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவருடைய வழி என்னவென்றால், நிறையப் பேருக்கு, நன்றாக, மலிவாக. பணம் கொடுப்பவர் கொடுக்கலாம். சுமார் பாதிப் பேருக்கு இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்திலோ செய்வார்கள். அமெரிக்காவில் மெக்டொனால்ட் கடையைப் பார்த்து, எங்கே போனாலும் ஒரே தரத்தில் ஒரு ரொட்டியைக் கொடுக்க முடிகிறதே, கண்ணுக்கு ஏன் முடியாது என்று கேட்டவர். இப்படி ஒரு வழியை எடுத்துக்கொண்டால் எது விலை உயர்ந்த சரக்கு? கட்டடமோ கருவியோ இல்லை. அறுவை செய்யும் டாக்டரின் நிமிஷம். அதனால் அறுவை அறையில் டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் முடித்துத் திரும்பினால் அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். மற்ற எல்லா வேலையையும் கிராமத்துப் பெண்களைப் பிளஸ் டூ முடித்தபின் சேர்த்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துச் செய்ய வைத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து, ஒன்று 100 டாலர் அளவில் விற்றது. 1992-ல் ஆரோலேப் என்று தாங்களே தொழிற்சாலை வைத்து, விலையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டு வந்தார்கள்.

கணினி இதற்குள் எங்கே வருகிறது என்பதுதான் எனக்கு வியப்பு. அங்கே கணினியைக் கேட்ட கேள்விகள் எல்லாம் அந்த வழியிலிருந்து வந்தவை. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், எந்த மேசையில் ஆள் குறையும், எங்கே வரிசை தேங்குகிறது? எந்த டாக்டர் செய்த அறுவையில் எத்தனை சதவீதம் சிக்கல் வந்தது, அது இலவசப் பிரிவா கட்டணப் பிரிவா? நிறையச் செய்கிறோம் என்பதில் ஒரு ஆபத்து உண்டு, தரம் இறங்கினால் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். அதனால் அந்தக் கணக்கு அவர்களுக்கு உயிர். மென்பொருளை வெளியே வாங்காமல் உள்ளேயே ஆள் வைத்து எழுதிக்கொண்டார்கள். எங்கள் ஆபீசுக்கு வேறு இலாகாவின் சட்டை வந்தது. அவர்கள் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டார்கள்.

இங்கே மாப்பிள்ளை குறுக்கிட்டார். "ஆனா மாமா, போட்டி எங்க இருக்கு? ஆஸ்பத்திரிக்கு யார் போட்டி?" என்று.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அரவிந்துக்குப் போட்டி இன்னொரு ஆஸ்பத்திரி இல்லை. "நான் என்ன எழுதிப் படிக்கவா போறேன்" என்பதுதான் போட்டி. ஒரு நாள் கூலிதான் போட்டி. காப்பிப் பழம் எடுப்புதான். முகாம் மூலமாக எத்தனை பேரைப் பிடிக்கிறோம் என்று 1990-களில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கண் வைத்தியம் தேவைப்பட்டவர்களில் நூற்றுக்கு 7 பேர்கூட முகாமுக்கு வரவில்லை. லட்சக்கணக்கில் அறுவை செய்த ஒரு நிறுவனம், 93 பேரை நாம் பார்க்கவே இல்லை என்று தனக்குத்தானே கணக்கு எழுதிக்கொண்டது. அப்புறம்தான் 2004-லிருந்து பார்வை மையங்கள். டாக்டர் கிராமத்துக்குப் போக முடியாது, அவர் நிமிஷம் விலை அதிகம். கிழவி நகரத்துக்கு வரமாட்டாள். நடுவில் எதையாவது அனுப்ப முடியுமா?

அப்போது தேனிப் பக்கத்துக் கிராமங்களில் இன்டர்நெட் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழு, இன்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து, ஒரு வேலை செய்து கொடுத்தது. வீட்டுக்குள் நூறு மீட்டர்கூடப் போகாத வைஃபை இருக்கிறதே, அதே மலிவான சாதனத்துக்கு ஒரு பக்கமாகப் பார்க்கும் ஆன்டெனா மாட்டி, பேசும் முறையைக் கொஞ்சம் மாற்றி, கோபுரத்துக்குக் கோபுரம் பத்து இருபது கிலோமீட்டர் பாய வைத்தார்கள். தேனி ஆஸ்பத்திரியிலிருந்து போடிக்கு, சின்னமனூருக்கு, பெரியகுளத்துக்கு. டாக்டரின் முகமும் நோயாளியின் கண்ணும் தெரிந்தால் போதும், அந்த அளவுக்குத்தான் வேகம் வேண்டும் என்று தேவையை முதலில் அளந்துவிட்டுப் பிறகு கம்பம் நட்டார்கள். இன்றைக்கு இது மாதிரி மையங்கள் 100-க்கு மேல். வைஃபை கோபுரத்துக்கு இப்போது வேலை இல்லை, ஊரெல்லாம் இணையம் வந்துவிட்டது. மையங்கள் இருக்கின்றன.

(இங்கே ஒரு சின்ன விலகல். நம் கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்ததே, நினைவிருக்கும். உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது. முதலில் கேட்டவர்க்கெல்லாம் பாஸ் கிடைத்தது. இது எதற்கு என்று பஸ் நிலையத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை வண்டி மலை ஏறுகிறது என்று எண்ணுவதுதான் அப்போதைய நோக்கம், அதற்கு அது போதும். 2025 ஏப்ரலிலிருந்து சாதாரண நாளில் 4000 வண்டி, வார இறுதியில் 6000 என்று வரம்பு வந்தபோது அதே பாஸுக்கு வேறு வேலை வந்தது. அப்போது அது 'இல்லை' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. பெட்டி அதுவேதான்.)

பெரியகுளத்துக்கு வருகிறேன். ஊத்து வழியாக இறங்கி, மஞ்சளாறு அணை தெரியும் வளைவுகளில் மாமியாருக்கு இரண்டு தடவை வாந்தி. காட்ரோட்டில் திரும்பி, தேவதானப்பட்டி தாண்டி, பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சின்ன இடம். ஒரு அறையில் கண் பார்க்கும் கருவி, ஒரு கணினி, அதன்மேல் கேமரா. வாடகை வீடு மாதிரித்தான் இருந்தது. கட்டணமாகக் கேட்டது இரண்டு பேர் டீ வடை சாப்பிடும் காசு. கணினிக்கு உறை ஏதாவது இருக்கிறதா என்று என் கண் தானாகத் தேடியது. இல்லை. விசைப்பலகையில் எழுத்துகள் தேய்ந்திருந்தன.

இருபது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி மாமியாரின் தாடையைக் கருவியில் வைத்து, இரண்டு கண்ணையும் பார்த்தாள், படம் எடுத்தாள், என்னென்னவோ டைப் செய்தாள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, மெஷின் என்ன சொல்லுது?" என்றார்.

அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "மெஷின் ஒண்ணும் சொல்லாது பாட்டி. இருங்க, டாக்டர் வருவாங்க, அவங்க சொல்வாங்க."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மனைவி பின்னாலேயே வந்து, "என்னங்க, தலை சுத்துதா?" என்றாள். மலை இறங்கியது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். எதிரே ஒரு மாம்பழக் கடை. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி உள்ளே போனபோது திரையில் ஒரு லேடி டாக்டர் தேனியிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். ரெண்டு கண்ணிலும் புரை நல்லா முத்திருச்சு பாட்டி, ஒரு கண்ணுக்கு இப்பச் செய்வோம் என்றார். "பழம் பழுத்தாப் பறிச்சுர வேண்டியதுதானே" என்றார் மாமியார். எழுதிப் படிக்கப் போவதில்லை என்ற பேச்சே வரவில்லை. டாக்டர் நேரே பார்த்துப் பேசியதில் மனது மாறிவிட்டதோ, இல்லை மறுபடி அந்த மலையை ஏறி இறங்கப் பயமோ, தெரியாது. தேதி அங்கேயே கொடுத்தார்கள். தேனியில் நாங்கள் போவதற்கு முன்பே அவருடைய விவரம் போயிருந்தது. பெயரை இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை. அதைக் கவனித்தது நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

அறுவை முடிந்து மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். முதலில் மகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, இப்படி நரைச்சுப் போச்சே!" என்றார். அவர் கடைசியாக என்னை நன்றாகப் பார்த்தபோது எனக்குக் கறுப்பு முடி. வீட்டுக்கு வந்ததும் அடுப்படிச் சுவரைப் பார்த்துவிட்டு மூன்று நாள் மகளைத் திட்டினார். அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். மிளகு பொறுக்கும்போது கல் இருந்தால் அவர்தான் கண்டுபிடிப்பார்.

இந்தக் கதையையெல்லாம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாப்பிள்ளையிடம் சொன்னேன். வில்லியனூர் அம்மாவைப் பற்றி வீட்டில் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. மனைவிக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கம்பெனிகளில் வகுப்பு எடுக்கும்போது இதைச் சொல்லலாமா என்று கேட்டார். ஊரும் ஆபீசும் சொல்லாமல் சொல்லுங்கள் என்றேன். "அந்த அம்மா பேரு?" என்றார்.

குடும்பப் பெயரையும் மூன்று சொந்தப் பெயரையும் வரிசையாகச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். பிரெஞ்சு எழுத்தில் முப்பத்தொன்று வந்தது.

அப்போது கரண்ட் வந்துவிட்டது. எல்லோரும் எழுந்து போன் சார்ஜ் போடப் போனார்கள்.